பிசிறு வெட்டுபவர், வயது 43

அச்சகத்து மாடியறை
பிப்ரவரி 9

மகளின் அம்மாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சரியாகச் சொன்னால் பத்தொன்பது நாட்கள். இதற்கிடையில் இரண்டு முறை நீ போன் செய்தாய். இரண்டு முறையும் நன்றாக இருக்கிறேன் என்றேன். சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் "இந்தா, அப்பா பேசணுமாம்" என்று மகளிடம் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடுவாய். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் இருபத்தொன்றாம் தேதி எங்கள் அச்சகத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. புத்தகம் என்பது மரியாதைக்கு. ஓர் ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பு அறிக்கை. கல்யாணமான பெண்கள் குறைந்த கூலிக்கு ஏன் வேலைக்குப் போகிறார்கள் என்பது பொருள். நூற்றிருபது பக்கம், பாதி அட்டவணைகள். நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து பெண்கள் தாங்களே சொன்ன பதில்கள். பெயர் கிடையாது, வேலையும் வயதும் மட்டும். 'பாத்திரம் துலக்குபவர், வயது 35.' 'செங்கல் சுமப்பவர், வயது 29.' பழக்கத்தில் கை திருத்திக்கொண்டே போயிற்று. அடுத்தது: 'பிசிறு வெட்டுபவர், சட்டைத் தொழிற்சாலை, வயது 43.'

அந்தப் பெண் சொல்கிறாள்: "என் வீட்டுக்காரர் நிறையப் படித்தவர். வெளியூரில் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். நான் எழுதும் மளிகைப் பட்டியலைக்கூடச் சிவப்பு மையில் திருத்தித்தான் கொடுப்பார்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். பிழை திருத்துகிற கணவன்மார் நாட்டில் பலர் இருக்கலாம். மளிகைப் பட்டியலைத் திருத்துகிறவன் ஒருவன்தான் இருப்பான்.

மேலே படித்தேன். "இங்கே நூறு சட்டைக்குப் பிசிறு வெட்டி முடித்தால் செக்கிங் அக்கா சாக்பீஸால் மேஜையில் ஒரு டிக் போடுவாங்க. இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தில் எனக்கு ஒரு டிக் விழுந்ததில்லை." இதற்குக் கீழே இன்னும் ஐந்தாறு வரிகள் இருந்தன. அவற்றை இங்கே எடுத்தெழுத எனக்கு விருப்பமில்லை.

தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதாக என்னிடம் சொல்லியிருந்தாய். 'எத்தனை பேர் வருகிறார்கள்' என்று நான் எழுதிக் கேட்டபோது 'எட்டுப் பேர், ஒருத்தன் கணக்கில் மக்கு' என்று பதில் எழுதினாய். அந்த மக்குப் பையனுக்காக நான் இங்கிருந்து ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி அனுப்பினேன், நினைவிருக்கிறதா? போன தடவை வந்தபோது உன் வலது கட்டைவிரலில் காய்ப்பைப் பார்த்து என்னவென்று கேட்டேன். காய் நறுக்கியது என்றாய். எந்தக் காயை நறுக்கினால் அந்த இடத்தில் காய்க்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தம்பிக்குப் போன் செய்தேன். பக்கத்துத் தெருவில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? "அதுவா அண்ணே, அண்ணி போக ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுதே. ஏன், உனக்குத் தெரியாதா?" என்றான். அந்த 'உனக்குத் தெரியாதா'வை அவன் சொன்ன விதம் சாகும்வரை என் காதில் இருக்கும். தெரு முழுக்கத் தெரிந்த ஒன்று வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. இதற்கு நான் என்ன பெயர் வைப்பது? துரோகம் என்றால் பெரிய சொல்லாக இருக்கிறது என்பாய். சின்னச் சொல் ஒன்றை நீயே எடுத்துக் கொடு.

இந்த மாதக் கடைசியோடு வேலையை நிறுத்திவிட்டு எனக்குத் தெரிவி. அந்தக் கணக்கெடுப்புக்காரியிடம் வீட்டு விஷயத்தை எல்லாம் கொட்டும்படி உன்னைத் தூண்டியது யார் என்பதையும் எழுது.

இப்படிக்கு,
உன் கணவன், எம்.ஏ., எம்.ஃபில்.

*

வீடு
பிப்ரவரி 17

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள்தான் வாங்கி வந்தாள். கவரின் பின்பக்கம் இரண்டு பட்டத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா, விஷயம் பெரிசு போல. சின்ன விஷயத்துக்கு அப்பா எம்.ஏ. மட்டும்தான் போடுவார்" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. பிரித்துப் படித்த பிறகு வரவில்லை.

அந்தப் பெண் நான்தான். இல்லை என்று சொன்னால் நம்பக்கூடியவராக நீங்கள் இருந்தால் இல்லை என்றே எழுதியிருப்பேன்.

ஆறு வருஷமாகப் போகிறேன். அடுத்த வீட்டு அக்காதான் கூட்டிக்கொண்டு போனார். வாய் ஓயாமல் பேசுவதால் எல்லாரும் அவரை ரேடியோ என்பார்கள். என்னைத் தூண்டியது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ரேடியோ அக்கா கூட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். நடந்தது நான்.

ஒரு நீளக் கூடம். தலைக்கு மேலே வரிசையாக ட்யூப் லைட். தையல் முடிந்த சட்டைகள் கட்டுக் கட்டாக எங்கள் மேஜைக்கு வரும். ஒரு சட்டையில் நூல் தொங்கக்கூடிய இடம் பதினான்கு. காலர், கைப்பட்டி, பொத்தான் துளை, விலாத் தையல், இப்படி. கையளவு வெட்டுக்கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்போம். நூலை ஒட்ட வெட்ட வேண்டும். துணியில் பட்டுவிட்டால் அந்தச் சட்டை நம் கணக்கில். முதல் வாரம் மூன்று சட்டையை ஓட்டை போட்டேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன கலர் சட்டை என்று தெரியும்.

நீங்கள் ஊருக்கு வரும் நாளில் எல்லாம் லீவு போட்டேன். சூபர்வைசர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னம்மா இது, உங்க வீட்டுக்காரர் வந்தாலே உனக்குக் காய்ச்சல் வருதே. அவர் என்ன மனுஷனா, கொசுவா?" கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கத்தரியையும் அடையாள அட்டையையும் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைப்போம். நீங்கள் கிளம்பிப் போனதும் மகள் இரண்டையும் தட்டி எடுத்து என் கழுத்தில் மாட்டிவிடுவாள்.

நீங்கள் அனுப்பிய கணக்குப் புத்தகம் ரேடியோ அக்கா மகனுக்குப் போயிற்று. அவன் நிஜமாகவே மக்குதான். அந்த ஒன்று பொய் இல்லை.

கணக்கெடுப்புக்கு வந்த பெண்ணுக்கு மகளை விட நாலைந்து வயது கூட இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டது. "எதுக்குக்கா வேலைக்கு வர்றீங்க? வாடகைக்கா, பிள்ளைங்க படிப்புக்கா?" என்றது. "ரெண்டுக்கும்தான்மா" என்றேன். "சரி, டிகிரி படிச்சிருக்கேன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் இவ்ளோ கம்மி சம்பளத்துக்கு வர்றீங்க?" என்றது. அதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. வேலைக்கு ஏன் போகிறேன் என்பது ஒரு கேள்வி. ஏன் இந்த வேலைக்கு என்பது வேறு கேள்வி. "என் சர்ட்டிபிகேட் என்கிட்ட இல்லைம்மா. பிசிறு வெட்ட யாரும் சர்ட்டிபிகேட் கேக்கமாட்டாங்க" என்றேன். மீதியும் சொன்னேன். நீங்கள் எடுத்தெழுத விரும்பாத அந்த ஐந்தாறு வரிகளும் நான் சொன்னதுதான்.

இனி நான் கேட்பது. எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் சரக்குப் பதிவேடு எழுத ஆள் எடுக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முதலில். செக்கிங் அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பட்டச் சான்றிதழும் தட்டச்சுச் சான்றிதழும் அசலாகக் காட்ட வேண்டும். மார்ச் 28 கடைசி நாள். இரண்டும் நீலக் கோப்பில் இருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு முன்னால், வீட்டில் கரையான் வருகிறது, பத்திரமாக இருக்கட்டும் என்று உங்கள் தகரப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனீர்கள். அனுப்பி வையுங்கள்.

வேலையை நிறுத்துவதைப் பற்றிக் கோப்பு வந்த பிறகு பேசலாம்.

நான்

*

அச்சகத்து மாடியறை
பிப்ரவரி 26

மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஒரு மன்னிப்புக்காகத் தேடிப் பார்த்தேன். கொசு இருந்தது. மன்னிப்பு இல்லை.

என்னைப் பற்றி முன்பின் தெரியாத ஒரு கூடம் நிறையப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள், நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ. கல்லூரியில் முதல்வர் என் பாடக் குறிப்பை மாணவர்கள் முன்னால் தூக்கிக் காட்டி, "இதையெல்லாம் யாருய்யா கேக்குறாங்க?" என்றபோதும் இப்படித்தான் ஒரு சிரிப்பு எழுந்தது. அன்று மாலையே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, சிரிக்காத இடம் இது ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மகளும் உடந்தை என்று எழுதியிருக்கிறாய். மாவு டப்பாவில் அட்டையை ஒளித்து வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். பள்ளியில் படிக்கும்போது பரிசு வாங்கிய கட்டுரைகளை எனக்குத் தபாலில் அனுப்புவாளே, அந்தப் பெண் இவள்தானா?

நீலக் கோப்பு விஷயம். பெட்டியைக் கொட்டித் தேடிவிட்டேன். இல்லை. இந்த ஏழு ஆண்டுகளில் மூன்று அறை மாறியிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்து பல தாள்கள் போயின. அதில் போயிருக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டால் நகல் தருவார்கள். ஆறேழு மாதம் ஆகும். இருபத்தெட்டாம் தேதிக்குள் நடக்காது. நடக்காததைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

புத்தகம் போன வாரம் அச்சாகிப் போய்விட்டது. அதைப் படித்து எவனாவது நம் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடுவான் என்ற பயம் உனக்கு வேண்டாம். அதை நான் பார்த்துக்கொண்டேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கிறது. வேலையை நிறுத்தியதாக இன்னும் உன்னிடமிருந்து தகவல் இல்லை.

இப்படிக்கு,
உன் கணவன், எம்.ஏ., எம்.ஃபில்.

*

வீடு
மார்ச் 12

உங்களுக்கு,

'அதை நான் பார்த்துக்கொண்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். அப்போது புரியவில்லை. நேற்றுப் புரிந்தது.

கணக்கெடுப்புப் பெண் நேற்று மத்தியானம் புத்தகத்தோடு வந்தது. மூன்று பிரதி கொடுத்தது. எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் தானே வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி நடுவில் உட்கார்ந்துகொண்டது. யாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, "ஏய், இது நீதானே!", "பாவி, புருஷன் குடிக்கிறதைக்கூடச் சொல்லிட்டியா!" என்று ஒரே சத்தம். பெயர் இல்லாவிட்டால் என்ன? தன் பேச்சு யாருக்குத்தான் தெரியாது? அவரவர் பேச்சு வந்ததும் அவரவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அச்சில் தன்னை முதல் தடவையாகக் கேட்கிறார்கள்.

என்னுடையது வந்தது. நான் கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது வாசித்தது:

"குடும்பப் பொறுப்புகளை முன்னிட்டும், கணவரின் சுமையைச் சிறிதளவேனும் பகிர்ந்துகொள்ளும் பொருட்டும் இப்பணியை மனமுவந்து ஏற்றேன்."

ரேடியோ அக்கா என் பக்கம் திரும்பினார். "மனமுவந்தா? நீயா? நேத்து பஸ் நிக்காம போனதுக்கு நீ திட்டின திட்டுல கண்டக்டருக்கு விக்கல் எடுத்திருக்கும். நீ எங்கடி மனமுவந்தே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செக்கிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த டிக் பத்தி ஏதோ சொன்னியே, அது எங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு அது வரும் வரும் என்று இருந்திருக்கிறது.

அந்தப் பெண் முகம் செத்துப்போயிற்று. பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தது. "நான் இப்படி எழுதலைக்கா. நீங்க சொன்னதை அப்படியேதான் எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துல யாரோ மாத்தியிருக்காங்க. யாரு, எதுக்குன்னு தெரியலையே" என்றது. எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. நான் இதற்கு முன்னும் சொன்னதில்லை.

நீங்கள் பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். நான் ஆறு வருஷம் இருந்தேன். நீங்கள் எடுத்தெழுத விரும்பாத வரிகளை நானே எழுதுகிறேன்.

நீங்கள் கல்லூரியை விட்டு வந்த மாதம். பள்ளிக்கூடத்து நூலகத்தில் எனக்கு வேலை கொடுத்து உத்தரவு வந்தது. வருகிறேன் என்று பதில் எழுதி, கவரை ஒட்டி, போகிற வழியில் போட்டுவிடுங்கள் என்று உங்கள் கையில்தான் கொடுத்தேன். அப்புறம் அங்கிருந்து எந்தத் தகவலும் இல்லை. வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். "அவங்களுக்கு யாரோட அருமை தெரிஞ்சிருக்கு?" என்று நீங்களும் ஆறுதல் சொன்னீர்கள்.

நீங்கள் அந்த ஊருக்குப் போய் ஒரு வருஷம் கழித்து, ஏதாவது வேலை இருக்குமா என்று அதே பள்ளிக்குப் போய்க் கேட்டேன். தலைமையாசிரியை கோப்பைத் திறந்தார். "நீங்கதானேம்மா அப்ப வேண்டாம்னு எழுதினீங்க? நாங்க ரெண்டு வாரம் உங்களுக்காகக் காத்திருந்தோமே" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். 'குடும்பப் பொறுப்புகளை முன்னிட்டு இப்பணியை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்.' கீழே என் பெயர். மேலே உங்கள் எழுத்து. மளிகைப் பட்டியலில் இத்தனை வருஷம் பார்த்த எழுத்து எனக்குத் தெரியாதா? ஆமாம் டீச்சர், நான்தான் எழுதினேன், மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களை அவர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை ரேடியோ அக்காவோடு கிளம்பினேன்.

வேலையை ஏன் மறைத்தேன் என்று இப்போது தெரிகிறதா? சொல்லியிருந்தால் தொழிற்சாலைக்கும் என் பெயரில் ஒரு கடிதம் போயிருக்கும்.

யாரிடமும் சொல்லாததை அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னேன். பெயர் போட மாட்டோம் என்றதால் சொன்னேன். அதுவும் அலைந்து திரிந்து உங்கள் மேஜைக்கே வந்து சேர்ந்ததே, அதுதான் என் ராசி. மறுபடியும் நான் சொன்னதை எடுத்துவிட்டு, நீங்கள் சொல்வதை என் வாயில் வைத்துவிட்டீர்கள்.

கோப்பு தொலைந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். முன்வரிசையில் சிரித்தவர்களைப் பதினொரு வருஷமாக வரிசை மாறாமல் வைத்திருப்பவர் ஒரு சான்றிதழைத் தொலைப்பாரா? நீங்கள் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை. அனுப்புங்கள். இருபத்தெட்டாம் தேதிக்குள் வராவிட்டால் மறுபடியும் பதினான்கு இடம்தான், கண் தெரிகிறவரை.

இனி நான் எழுத மாட்டேன். ஊருக்கு வருவதானால் வாருங்கள். நான் லீவு போட மாட்டேன். சாவி ரேடியோ அக்கா வீட்டில் இருக்கும்.

நான்

*

அச்சகத்து மாடியறை
மார்ச் 21

மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கிலும் உன்மேல் குற்றம் சொல்லியே பக்கம் நிறைந்தது. அவற்றைக் கிழித்துவிட்டேன். கிழித்ததால் அவை பொய் என்று ஆகாது. ஆறு ஆண்டுகள் என்னை முட்டாளாக வைத்திருந்ததை நான் மன்னிக்கவில்லை. தம்பியை மன்னிக்கவில்லை. அந்தச் சூபர்வைசரை நிச்சயமாக மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது.

கோப்பு இருக்கிறது. பெட்டியின் அடியில், பழைய தேர்வு வினாத்தாள்களுக்குக் கீழே. தேடினேன் என்று எழுதியது பொய். எங்கே இருக்கிறது என்று தெரிந்த பொருளை யார் தேடுவார்கள்? தண்ணீரும் வரவில்லை. நான் இருந்த மூன்றும் மாடியறைதான்.

கோப்பில் உனக்குத் தெரியாத தாள் ஒன்று இருக்கிறது. நீ பள்ளிக்கு எழுதிய பதில். நீ எழுதியதே.

நீ அதை வாசலில் வைத்து என்னிடம் கொடுத்தாய். நான் ராஜினாமா செய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வெளியே கிளம்பினேனே தவிர போக ஓர் இடமும் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ ஒட்டிய கவரைப் பிரித்தேன். திருத்தத்தான் பிரித்தேன். வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பு. பட்டதாரி எழுதிய கடிதம், ஒரு நூலகத்துக்குப் போகிறது, பிழையோடு போகக் கூடாது என்று நினைத்தேன். மூன்று இடத்தில் திருத்தினேன். சிவப்பு மையோடு அனுப்ப முடியாது என்பதால் பக்கத்துக் கடையில் தாள் வாங்கி நகல் எடுக்க உட்கார்ந்தேன்.

முதல் வரியை நீ எழுதியபடியே எழுதினேன். அதற்குள் டீக்கடைக்காரர், "என்ன சார், இன்னிக்குக் காலேஜ் லீவா?" என்றார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை முதல் ஒன்பது மணிக்கு நீ சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்புவாய், நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவேன், இந்த மனிதர் தினமும் லீவா லீவா என்று கேட்பார். இரண்டாவது வரியை வேறு மாதிரி எழுதினேன். கை தானாக எழுதியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான்தான் எழுதினேன். கீழே உன் கையெழுத்தைப் போட்டேன். ஒரே முயற்சியில் வந்தது. தபால் பெட்டி எதிரிலேயே இருந்தது.

உன்னுடையதைக் கிழிக்க முடியவில்லை. அடுத்தவர் எழுதிய தாளைக் கிழித்துப் பழக்கமில்லை எனக்கு. சட்டைப் பையில் ஒரு வாரம் இருந்தது. பிறகு உன் சான்றிதழ்களுக்கு நடுவில் வைத்தேன். கரையான் என்று சொல்லிக் கோப்பை எடுத்து வந்தது அதற்காகத்தான். உன் சான்றிதழை உன்னிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அந்தத் தாளை வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் பயந்தேன். அதோடு சேர்ந்து உன் சான்றிதழும் என்னிடம் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நாற்பத்தேழாம் பக்கம் கடைசிப் பிழைதிருத்தத்தில் என் கையோடு போயிற்று. அதற்குப் பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. இங்கே முதலாளிக்கும் தெரியாது. நூலக வேலையைப் பற்றி நீ சொன்ன வரியை அச்சுத்தாளில் பார்த்தபோதுதான் உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு முறை வந்து உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டே நீ பரிமாறியிருக்கிறாய். இருபத்தொன்றாம் தேதி நான் பேனாவை மூடி வைத்தது மளிகைப் பட்டியலுக்காக அல்ல.

அந்த அச்சுத்தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வரியை நீக்கும்போது மேலே ஒற்றைக் கோடுதான் இழுப்போம். என்ன நீக்கப்பட்டது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நீ சொன்னது முழுவதும் கோட்டுக்கு அடியில் அப்படியே இருக்கிறது, டிக் உட்பட. தாளின் மூலையில் என் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கின்றன. அந்தக் கணக்கெடுப்புப் பெண்ணிடம் இதைக் கொடுத்தால், மிச்சமுள்ள பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டச் சொல்லி அவள் இங்கே எழுதுவாள். எழுதினால் இந்த மேஜையில் எனக்கு இடம் இருக்காது. ஐம்பத்தொரு வயதில் இன்னொரு மேஜை கிடைக்குமா என்று தெரியாது. கொடுக்காதே என்று நான் கேட்கவில்லை. கொடு என்றும் சொல்லவில்லை. கொடுப்பதானால் செக்கிங் அக்காவுக்கு முதலில் வாசித்துக் காட்டு. அவர்தான் காத்திருந்திருக்கிறார்.

சான்றிதழ்கள் இரண்டும் நீலக் கோப்பிலேயே இருக்கின்றன. ஓரம் மடங்கவில்லை. விரைவுத் தபாலில் அனுப்பினால் இருபத்தைந்தாம் தேதி கிடைத்துவிடும் என்று சொன்னார்கள். பள்ளிக்கு நீ எழுதிய பதிலை மேலே வைத்திருக்கிறேன். போகிற வழியில் போடச் சொன்னாய். பதினொரு ஆண்டுகள் தாமதமாகப் போடுகிறேன், தவறான முகவரிக்கு.

உன் இரண்டு கடிதங்களும் மேஜையில் இருக்கின்றன. இந்த முறை அவற்றின் மேல் சிவப்பு மை படவில்லை. இதற்கும் ஒரு டிக் எதிர்பார்க்கிறேன் என்று நினைக்காதே.

இனி கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம். கணவன் என்று எழுதினேன், அடித்தேன். பட்டங்களை எழுதிப் பார்த்தேன், மகள் என்ன சொல்வாள் என்று நினைவு வந்தது. உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை நான் எழுதியிருக்கிறேன். அந்த நாளிலிருந்து, யோசித்துப் பார்த்தால், நான் போட்ட எந்தக் கையெழுத்துக்கும் மதிப்பில்லை. கவரை இங்கேயே ஒட்டினால் மறுபடியும் பிரித்துத் திருத்தத் தோன்றும், என் பழக்கம் எனக்குத் தெரியும். தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும், இப்போது மணி நாலரை. இந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, அங்கே போய், அவர்கள் கண்முன்னால் ஒட்டிக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன்.